வரக்கூடும்

அரிசிபாளையத்தில் ஒரு மாடியறை,
சுவரெல்லாம் முட்டை அட்டை.
அங்கேதான் ஆடித் தள்ளுபடிக்குப் பேசினேன்,
கண் சிகிச்சை முகாமுக்குப் பேசினேன்,
கோட்டை மாரியம்மன் பண்டிகை அன்னதானத்துக்கும்
காணாமல் போன ஒரு பொமரேனியனுக்கும் பேசினேன்.
போன ஐப்பசியில்
ஆற்றுக்காகப் பேசக் கூப்பிட்டார்கள்.

மாநகராட்சியிலிருந்து வந்தவர் குடையை மடக்காமலே நின்றார்.
தாளில் 'வெள்ளம் வரும்' என்றிருந்ததைப்
பேனாவால் 'வரக்கூடும்' ஆக்கினார்.
ஆபத்துன்னு வேண்டாம்மா, ஜனங்க பதறிடும்.
'உடனே'யை மட்டும் விட்டுவைத்தார்.
தேதி சொல்லிடாதீங்க,
அடுத்த மழைக்கும் இதையே ஓட்டிக்கலாம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஷீர் விரலை உயர்த்தினான்.

ஏற்காடு மலையில் கனமழை பெய்துவருவதால்
திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வரக்கூடும்,
தாழ்வான பகுதியில் குடியிருப்போர் உடனே
மாநகராட்சிப் பள்ளிக்கு.
ஒரே மூச்சு. எழுநூறு ரூபாய்.
தள்ளுபடிக்கு ஆயிரத்து இருநூறு;
அதில் சிரிக்கவும் வேண்டும்.

ஆட்டோ குகைக்குப் போனது, கிச்சிப்பாளையம் போனது.
என் குரலைக் கேட்டு ஜன்னல் திறந்த ஒருத்தி
எந்தக் கடையில என்று கேட்டாளாம்.
டிரைவர் சின்னப்பராஜ் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
பொடிசுகள் பின்னாலேயே ஓடித்
'தாழ்வான'வை என்னைப்போலவே இழுத்தார்களாம்.
கொலுசுப் பட்டறைக்காரர்
வெள்ளியைப் பரணில் ஏற்றிவிட்டுக்
கீழே தனக்குப் பாய் விரித்தார்.
போன தடவையும் இதேதானே சொன்னீங்க என்று
ஒருவர் ஸ்பீக்கரோடு சண்டைக்குப் போக,
ஸ்பீக்கர் மறுபடி முதலிலிருந்து சொன்னது.

கூடும் என்பதற்கு ரெண்டு அர்த்தம்.
ஆறு வரக்கூடும் என்றேன்,
பாலத்தில் கூட்டம் கூடியது.
செல்போனைத் தூக்கிப் பிடித்து, மகளைத் தோளில் ஏற்றி.
தட்டுவடை செட் வண்டி ஒன்றும் வந்து நின்றது.

பத்து மணிக்கு எங்கள் சந்துக்குள் நுழைந்தேன்,
ஆட்டோவின் தலையில்.
எங்கள் சந்தும் தாழ்வான பகுதிதான்.
நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.
எதிர்வீட்டு ஷம்ஷாத் நனைந்துகொண்டே வந்தாள்,
இடுப்பில் பிள்ளை.
மரகதக்கா, நெசமாலுமா?

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காதது.
புடவைக்குக் கேட்டதில்லை, நாய்க்குக் கேட்டதில்லை.
எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன் என்றேன்.
தோசை கருகியது. உள்ளே போய்விட்டேன்.

அவள் போனாள்.
பள்ளிக்கூடத்தில் அன்றிரவு
அவளும் பிள்ளையும் ஒரு வாட்ச்மேனும்
நூறு பேருக்கு வந்த உப்புமாவும்.
ஆறு, கரைக்கு ஒரு முழம் கீழே நின்று
யோசித்துவிட்டு இறங்கிவிட்டது.
காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வந்தபோது
சந்தே சிரித்தது.
நானும்தான்.

கார்த்திகையில் மறுபடி ஓட்டினார்கள்.
நாகலூரிலிருந்து தங்கை பூங்கோதை போனில்,
காபிச்செடி நின்ன மண்ணோட இறங்குதுக்கா,
பதினெட்டாம் வளைவுல பஸ்ஸு நிக்குது, என்றாள்.
அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
குளியலறைத் துளைக்குள்
தண்ணீர் களுக் களுக்கென்று
பேச ஆரம்பித்திருந்தது.

ஓடிப்போய் எதிர்க்கதவைத் தட்டினேன்.
ஷம்ஷாத், கெளம்பு. பிள்ளையத் தூக்கு.
கதவை முழுசாய்த் திறக்காமல்
அவள் சிரித்தாள்.
எழுதிக் குடுத்தாங்களாக்கா?

சந்து முனையில் நான் இன்னும்
படித்துக்கொண்டிருந்தேன்,
பதறாமல், தெளிவாக,
ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி.
வாசற்படியில் பிள்ளையின் செருப்பு ஒன்று
மெல்ல எழும்பித்
தெருப்பக்கம் திரும்பியது.